நண்டு நடந்த மத்தியானங்கள்

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவராக இருந்தபோது, முதல்வர் அனுப்பிய படிவம் ஒன்றில் ஒரே ஒரு வரி எழுதினேன். 'பதிவுகளைப் பொய்யாக எழுதுபவர். நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்க இயலாது.' அது எங்கள் ஆய்வுக்கூட உதவியாளரைப் பற்றியது. ஒன்பது வருடம் தற்காலிகமாகவே வேலை பார்த்தவர். அந்த வரியால் அவருடைய வேலை போயிற்று. அந்த வரிதான் பொய். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நான் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பாடம் உயிர்களுக்குள் ஓடும் கடிகாரம். ஒரு செடியை இருட்டறையில் பூட்டி வைத்தாலும் விடிகிற நேரத்தில் அது இலையை விரிக்கும். யாரும் மணி சொல்லாமலே எலி சாயங்காலம் விழித்துக்கொள்ளும். நான் எடுத்துக்கொண்டது நண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, படகுகளை ஏற்றி வைக்கும் இடத்தைத் தாண்டி, அலை எட்டாத மேட்டு மணலில் வளை தோண்டி வாழ்கிற நண்டு. அலை எட்டாத இடத்தில் வாழ்வதால் கடலின் ஏற்றவற்றத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை, வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்தே அதன் கடிகாரம் ஓடுகிறது என்று என் முனைவர் பட்ட ஆய்விலேயே எழுதியிருந்தேன். பகலில் அசைவில்லை, இரவில் நடை. இருபது வருடம் அதையே வகுப்பில் சொன்னேன். சொல்லிச் சொல்லி அது எனக்குக் கண்ணால் பார்த்த விஷயம் மாதிரி ஆகிவிட்டது.

தொண்ணூறுகளில் இந்த ஆராய்ச்சியை மனிதக் கண்ணை வைத்துத்தான் செய்தோம். வெள்ளைத் தரை போட்ட கண்ணாடித் தொட்டியில் ஒரு நண்டு இருக்கும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை டியூப்லைட், அதன்பிறகு விடியும்வரை மங்கலான சிவப்பு பல்பு. கால் மணிக்கு ஒரு முறை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்து, நீள நோட்டில் 'நடை' அல்லது 'நிலை' என்று எழுத வேண்டும். இரவு முறையை ஆராய்ச்சி மாணவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பகல் முறை முழுக்க உதவியாளருடையது. பகலில் 'நடை' என்று விழுந்ததை, ஆள் நடமாட்டத்தால் கலைந்த நண்டு என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவர் படாளத்துக்காரர். அப்பா காலம் வரை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தார். என் வயதுதான் அவருக்கும். ஆனாலும் நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், அவர் 'சார்' என்றார். அதில் தவறு இருப்பதாக அப்போது எனக்குப் படவில்லை. வாரம் ஒரு முறை இருவரும் மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் புது நண்டு பிடித்து வருவோம். நான் கரையில் செருப்போடு நிற்பேன். அவர் மணலில் கையை விட்டு எடுப்பார்.

"கடிக்காதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கடிக்கும் சார். அதுக்கு இன்னா தெரியும், நாம ஆராய்ச்சிக்கு வந்துகிறோம்னு."

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் கணினி வந்தது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை விரிவுரையாளராக இருந்த ஒரு பெண், படத்தில் உள்ள பொருளைக் கணினி தானே அடையாளம் காணும் முறைகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்கள் நண்டு அவருக்குத் தோதாக அமைந்தது. நண்டின் முதுகில் கறுப்புப் பெயிண்டால் வட்டமாக ஒரு புள்ளி வைத்தோம். தொட்டிக்கு எதிரே, சற்று உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்த கறுப்பு வெள்ளைக் கேமரா ஒன்று. நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, வெள்ளைத் தரையில் கருமையாக, வட்டமாக எது இருக்கிறது என்று நிரல் தேடும். முந்தைய படத்திலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டு எழுதிவிட்டுப் படத்தை அழித்துவிடும். அன்றைய கணினியில் அத்தனை படங்களை வைக்க இடம் கிடையாது.

ஒரு நாள் முழுக்கச் சோதித்துப் பார்த்தோம். அன்று நண்டு விடியலிலும் அந்தியிலும் நடந்தது. உதவியாளர் நோட்டும் கணினியும் ஒத்துப்போயின. எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. அவரைப் பார்த்து, "இனிமே உனக்கு ரெஸ்ட்தான்யா" என்றேன். விரிவுரையாளர், "இல்ல சார், ஒரு மாசமாவது ரெண்டும் சேர்ந்தே நடக்கட்டும். மெஷின் தப்பு பண்ணா கண்டுபிடிக்க ஒரு மனுஷன் வேணும்" என்றார். அவர் சொன்னபடியே நோட்டையும் தொடர்ந்தோம்.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. எல்லாக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் நடப்பதுதான். மைக்ராஸ்கோப், தராசு, குளிர்பெட்டி, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. நான் திருக்கழுக்குன்றத்தில் கோயில் கைங்கரியம் செய்த குடும்பத்தில் பிறந்தவன். அதனால் எங்கள் துறைப் பூஜையை யாரிடமும் விடாமல் நானே செய்வேன். புதுக் கணினிக்கு வைத்தேன், கேமராவின் முதுகில் வைத்தேன், தொட்டியின் முன்கண்ணாடியில் நடுவாகக் குங்குமப் பொட்டு ஒன்று வைத்தேன். பொரி, கடலை கொடுத்தோம். உதவியாளர் கதவருகில் நின்று வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை தொட்டிப் பக்கம் துணியோடு நின்றவர் என்னைக் கேட்டார்.

"சார், கண்ணாடி மேல பொட்டு கீது. கேமராக்கு மறைக்காதா? தொடச்சிடட்டா?"

"பூஜை பண்ணது. நீ தொடாதே. தானா உதிரும்போது உதிரட்டும்."

அந்த 'நீ' யாரைக் குறித்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துக் கணினியின் முடிவுகளை மணிவாரியாகச் சராசரி எடுத்து வரைபடமாக்கினோம். அப்படி ஒரு வரைபடத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. காலை ஆறு மணிக்கு நண்டு நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்குகிறது. பகலில் ஒரு நாள்கூட அசைவில்லை. மாணவர்களின் இரவு நோட்டு கணினியோடு வரிக்கு வரி பொருந்தியது. உதவியாளரின் பகல் நோட்டு மட்டும் பொருந்தவில்லை. மத்தியானம் பன்னிரண்டரை, ஒன்று, இரண்டு என்று பக்கத்துக்குப் பக்கம் 'நடை' 'நடை' என்று எழுதியிருந்தார்.

விரிவுரையாளரையும் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணரை மணிக்கு நண்டு நடந்துதா?"

"நடந்துச்சு சார். பன்னெண்டரைலர்ந்து நடந்துகினு இருந்துச்சு."

"கம்ப்யூட்டர் அசையவே இல்லங்கறது."

"அது இன்னா சொல்லுதோ எனக்குத் தெரியாது சார். நான் கண்ணால பாத்தேன்."

"சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டே. எல்லாத்துக்கும் 'நிலை'ன்னு எழுதினா தூங்கினது தெரிஞ்சுடும்னு நடுவில 'நடை'ன்னு போட்டிருக்கே. மெஷின் வந்தாச்சு, இனிமே நாம எதுக்குன்னு அசட்டை."

"கர்த்தர் மேல ஆணையா தூங்கல சார்."

"ராத்திரி முழுக்க முழிக்கிற பசங்க நோட்டு சரியா இருக்கு. பட்டப்பகல்ல உக்காந்திருக்கிற உன் நோட்டு மட்டும் எப்படிய்யா தப்பாகும்?"

இப்போது யோசித்தால், இதற்கு யாரிடமும் பதில் இருந்திருக்காது. விரிவுரையாளர் தயங்கித் தயங்கி, "சார், ஒரு நாள் நாமளே உக்காந்து பாத்துடலாமே" என்றார். ஒரே ஒரு மத்தியானம். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தால் போதும். "கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வராதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

நிரந்தரம் செய்வதற்கான படிவம் அதே மாதம் வந்தது. அந்த வரியை எழுதினேன். மார்ச்சில் அவரை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் ஆய்வுக்கூடச் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்றார். நான் தலை நிமிரவில்லை. கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. எனக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். சால்வை போட்டார்கள்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருக்கும். விரிவுரையாளர் போன் செய்தார். "சார், பழைய சிடி ஒண்ணு கிடைச்சுது. அழிக்கிற கட்டளையைப் போட மறந்துட்டேன் போல, ஒரு வாரப் படம் அப்படியே இருக்கு. நீங்க நேர்ல வந்து பாத்தா தேவல." குரலில் உற்சாகம் இல்லை. ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக்கொண்டு கேளம்பாக்கம் போனேன்.

அவர் ஒன்றும் விளக்கவில்லை. படத்தைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியை எனக்கு விட்டார். நிரல் எதை நண்டு என்று கண்டுபிடிக்கிறதோ அதைச் சுற்றி ஒரு பச்சைச் சதுரம் போடும். மூலையில் நேரம், பகல் ஒரு மணி பத்து நிமிடம். சதுரம் படத்தின் நடுவில் ஒரு கருவட்டத்தைச் சுற்றி இருந்தது. அதற்குக் கீழே, இடப்பக்கத்தில், முதுகில் புள்ளியோடு ஒரு நண்டு. அடுத்த படம். சதுரம் அங்கேயே இருந்தது. நண்டு நடுவுக்கு வந்திருந்தது. அடுத்த படத்தில் வலப்பக்கம் போயிருந்தது. சதுரம் அசையவில்லை.

"இது என்னதும்மா, இந்த வட்டம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. ஆயுத பூஜையன்று என் கையால் வைத்த பொட்டு.

பிறகு அவர் மாலை ஆறு மணிப் படத்தைக் காட்டினார். டியூப்லைட் அணைந்து சிவப்பு பல்பு எரிந்ததும் பொட்டு மறைந்துவிட்டது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் குங்குமம் கறுப்பு வெள்ளைக் கேமராவுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். அப்போதுதான் நிரல் வேறு வழியில்லாமல் உண்மையான நண்டைத் தேடிப் பிடித்திருக்கிறது. காலையில் வெள்ளை வெளிச்சம் வந்ததும் மறுபடி பொட்டுக்குத் தாவிவிட்டது. நாங்கள் நகர்ந்த தூரத்தை மட்டும் கேட்டோம். எங்கே இருந்தது என்று கேட்டிருந்தால், ஒரு மாதப் பகல் முழுவதும் நண்டு ஒரே புள்ளியில் நின்றதாகத் தெரிந்திருக்கும். மாணவர்களின் இரவு நோட்டு பொருந்தியதும் இதனால்தான். உதவியாளரின் பகல் நோட்டு பொருந்தாததும் இதனால்தான். நான் பிசகில்லாத உயிர்க்கடிகாரம் என்று உலகத்துக்கு அறிவித்தது எங்கள் லைட் சுவிட்சை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் கிடந்த அவருடைய நோட்டுகளை எடுத்தேன். வரைபடத் தாளில் ஒவ்வொரு நாளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவர் 'நடை' என்று குறித்த நேரங்களில் எல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். பத்து நாள் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. புள்ளிகள் நேர்க்கோடாக விழவில்லை. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளித் தள்ளி, அளவுகோல் வைத்த மாதிரி சாய்வாக இறங்கின. கடலின் ஏற்றவற்றம் அப்படித்தான் நாளுக்கு நாள் பிந்தும். ஏற்றவற்ற அட்டவணையைத் தேடி வாங்கி ஒப்பிட்டேன். பொருந்தியது. அலை எட்டாத மணலில் வாழ்ந்த நண்டு, கடலை விட்டு வந்தபிறகும், செங்கல்பட்டுத் தொட்டிக்குள் கடலைக் கணக்கு வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது. மணிவாரியாகச் சராசரி எடுத்திருந்த என் வரைபடத்தில் இந்தச் சாய்வு கரைந்துபோயிருந்தது.

படாளத்தில் ஏரி உண்டு, கடல் கிடையாது. தூங்கிவிட்டு மனம்போனபடி எழுதுகிற ஒருவரால் கடலின் கணக்கை ஒரு மாதம் பிசகாமல் எழுத முடியாது. இதைவிடப் பெரிய சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. அத்தோடு இன்னொன்றும் தெரிந்தது. என் வாழ்நாளில் என் கைக்கு வந்த ஒரே உண்மையான கண்டுபிடிப்பு அதுதான். அதைச் செய்தவர் அவர். அதைப் பொய் என்று எழுதியவன் நான்.

உடனே அவரைத் தேடி ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. விரிவுரையாளர் இரண்டு தடவை கேட்டார், "அவர்ட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று. "அட்ரஸ் தேடிண்டிருக்கேன்" என்றேன். அட்ரஸ் கல்லூரிப் பதிவேட்டில் இருந்தது. கட்டுரை, பாராட்டு, சால்வை எல்லாம் என்னாகும் என்று பயம். இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அப்புறம் விரிவுரையாளர் போன் செய்வதை நிறுத்திவிட்டார். அந்த மௌனம்தான் என்னைக் கிளப்பியது.

உதவியாளர் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் காவலாளியாக இருப்பதாகக் கல்லூரிப் பியூன் சொன்னார். நைட் டூட்டி. இரவு வேலை உடம்புக்குள் என்னென்ன செய்யும் என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். காலை ஆறு மணிக்குக் கேட்டருகில் போய் நின்றேன். தொளதொளவென்ற காக்கிச் சட்டையில் வந்தவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"சார்! இன்னா சார் இந்தப் பக்கம்? நாஸ்தா ஆச்சா?"

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"இன்னா சார் புதுசா, 'உங்கள'ன்னுகினு" என்று சிரித்தார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பொட்டு என்றதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்பவே கேட்டேன் சார். தொடாதேன்னீங்க. தொடல."

"ஆமாம்."

"எனக்கு இன்னா சார், நான் தூங்கலன்னு எனக்குத் தெரியும். ஊர்லதான் பேஜாரு. 'தூங்குமூஞ்சி வூடு'ன்னே பேர் வெச்சிட்டானுங்க. எங்க வூட்லயும் நம்பல. அவ்ளோ படிச்சவரு பொய் சொல்வாரான்னு எங்கூட்டம்மா கேட்டா. நான் இன்னா பதில் சொல்றது?"

நான் கற்பனை செய்திராத விஷயம் இது. நான் ஒரு வேலையைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். என் படிப்பே அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர் மனைவியிடம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. முதல்வருக்கு எழுதுகிறேன், ஆய்விதழுக்கு எழுதுகிறேன் என்று உளறினேன்.

"அத யாரு சார் படிக்கப்போறாங்க? எழுதுங்க, வாணான்னு சொல்லல. ஞாயித்துக்கிழம எங்கூருக்கு வாங்க. சர்ச் முடிஞ்சதும் எல்லாரும் இருப்பாங்க. அங்க சொல்லுங்க."

ஆய்விதழுக்கு அன்றே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் படாளத்தில் இறங்கினேன். அதுவரை அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. ஆராதனை முடிந்தபிறகு போதகர் என்னை முன்னால் அழைத்தார். நாற்பது, ஐம்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பழக்க தோஷம், வகுப்பு மாதிரி ஆரம்பித்தேன். உயிர்க்கடிகாரம், கேமரா, கறுப்புப் புள்ளி. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"நைனா, நண்ட வுடு. இவன் தூங்கினானா, இல்லியா? அத சொல்லு."

சிரிப்பு எழுந்தது.

"தூங்கலை. அவர் எழுதினது அத்தனையும் சரி. நான்தான் தப்பு. நான் வெச்ச பொட்டைத்தான் மெஷின் நண்டுன்னு எடுத்துண்டுது. அதைத் துடைக்கட்டுமான்னு கேட்டார், தொடாதேன்னு நான்தான் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர், "தொடாதேன்னாரா?" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அந்தச் சொல் அந்தக் கூட்டத்தில் எப்படி விழுந்தது என்று அவர்களுடைய முகங்களில் பார்த்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். கோபம் இல்லாத குரல்.

"இது உங்களுக்கு எப்போ சார் தெரிஞ்சுது?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவருடைய கணவரைப் பார்த்தேன். இரவு டூட்டி முடித்து நேராக வந்தவர், கண் சிவந்து, சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டுத் தன் கணவரிடம் திரும்பினார்.

"இந்த ரெண்டு வருசமும் நான் உன்ன திட்டிகினுதானே இருந்தேன்" என்றார்.